கை நனைக்காத ஞாயிற்றுக்கிழமை

பெசன்ட் நகர்க் கடற்கரைப் பக்கம் ஓர் ஆள் சும்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும் என்று மூன்று ஞாயிறுகள் அலைந்து பார்த்திருக்கிறேன். பூங்கா, கடலை நோக்கிப் போகும் மரப்பாதை, காபிக் கடை எதையும் விடவில்லை. காற்று வாங்கப் போகவில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

அது அவளுக்கு இரண்டாவது கல்யாணம். முதல் கணவர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருந்தார். மூன்று வருடங்களுக்கு முன் ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும்போது வேலப்பன்சாவடி அருகே லாரி மோதி இறந்துபோனார். நான் அப்போது விசாகப்பட்டினத்தில் ஒரு கான்டிராக்டரிடம் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். போனை யாரிடமோ அடகு வைத்திருந்த நேரம். செய்தி தெரிந்து திருமுல்லைவாயில் வந்து சேர்ந்தபோது பால் தெளித்து முடித்திருந்தார்கள். தங்கை என்னைத் திட்டவில்லை. "சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் அடுத்த மாதமே வேறு ஊருக்குப் போயிருப்பேன். அவள் திட்டாததால் ஆவடியில் அறை எடுத்துத் தங்கிவிட்டேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுவது, ஏடிஎம் வாசலில் செக்யூரிட்டி, நடுவில் எந்தெந்த ஊரிலோ எந்தெந்த வேலையோ. ஓரிடத்தில் ஆறு மாதம் இருந்தால் எனக்குக் கால் நிற்காது. இது வரைக்கும் அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை.

தங்கை தன் மாமியாரோடுதான் இருந்தாள். ஓர் அறை, ஒரு சமையலறை, நாலு வீட்டுக்குப் பொதுவான குழாய். மாமியாரை அவளும் நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரியில் வகுப்பறைகளைப் பெருக்கித் துடைக்கும் வேலை அவருக்கு. மகன் செத்த சாலையைத் தினமும் இரண்டு முறை பஸ்ஸில் கடப்பார். இந்த வரனைக் கொண்டுவந்ததும் அவர்தான். கூட வேலை செய்யும் ஒரு பெண்ணின் மூலமாக. குத்தம்பாக்கத்தில் வீடு, எஸ்டேட்டில் லேத் வேலை, மனைவி நோயில் இறந்து நாலு வருடம், பிள்ளை இல்லை. பெரியவர் என்று அவருக்கு ஓர் அக்கா மட்டும். பக்கத்து வீட்டில் இருந்து தம்பியை வளர்த்தவர்.

"ஊட்டுக்கு வரச் சொன்னா நாலு கதவு தொறக்கும் நைனா" என்றார் அத்தை என்னிடம். "பூவும் பழமும் எடுத்துகினு ஆளு வந்துச்சுன்னு தெரிஞ்சிடும். அப்பால தட்டிப்போச்சுன்னா இவ எப்டி தண்ணி புடிக்க வெளிய வருவா?"

"கோயில்ல வெச்சுக்கலாமே அத்த?"

"அந்த அக்கா ஒத்துக்கல. சாமி முன்னாடி பேசுனா, அப்பறம் வேணாம்னு சொல்ல வாய் வராதாம்."

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், "அண்ணன்தான் ஊரு ஊரா சுத்துதே. யாரும் நம்மள தெரியாத எடமா ஒண்ணு காட்டட்டும்" என்றாள்.

அதைக் குத்தலாகச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு காலை ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கடற்கரைக்குப் போனேன்.

முதலில் பார்த்தது கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பூங்கா. வேப்ப மரங்கள், சிமென்ட் பெஞ்சுகள், எட்டு வடிவத்தில் போட்ட நடைபாதை. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். எனக்குப் பிடித்திருந்தது. பத்து மணிக்குக் காவலாளி வந்தார். என்னைவிட மூத்தவர், காக்கிச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"அண்ணாத்தே, எழுந்துரு. இனிமே நாலு மணிக்குத்தான் தொறப்போம்."

"நடுவுல வந்தா இன்னாண்ணா?"

"நடுவுல வர்றவன் வேல வெட்டி இல்லாதவன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

"நானும் செக்யூரிட்டிதாண்ணா."

"அப்ப உனக்கு நின்னே பழக்கம். உக்கார எடம் எதுக்குத் தேடுற?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

மணலில் சக்கர நாற்காலி போவதற்காகக் கடற்கரையில் மரப்பாதை போட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கைப்பிடி, முடிகிற இடத்தில் அலைக்குக் கொஞ்சம் முன்னால் சின்ன மேடை. அதில் ஒரு பெண் தன் அப்பாவைத் தள்ளிக்கொண்டு வந்து, மேடையில் நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். வெகுநேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் இங்கே யாருக்கும் சங்கடமாக இருக்காது என்று தோன்றியது. ஆனால் நிழல் கிடையாது. செருப்பைக் கழற்றிப் பலகையில் கால் வைத்தேன், சுட்டது. அத்தையை அங்கே நிறுத்த முடியாது.

அதற்குள் மாப்பிள்ளையின் அக்காவிடமிருந்து நேரம் வந்துவிட்டது. ஞாயிறு ஒன்றரைக்கு எமகண்டம் முடியும். மூன்று மணிக்குக் குளிகை தொடங்கும். அதற்குள் பேச்சு முடிய வேண்டும். குளிகையில் செய்த காரியம் மறுபடி நடக்கும் என்பார்கள். நகை வாங்க நல்லது, கல்யாணப் பேச்சுக்கு ஆகாது. "ஏற்கெனவே ரெண்டு பேருக்கும் ரெண்டாவது. மூணாவதா ஒண்ணு வேணாம்" என்று போனில் சொன்னாராம்.

பூங்கா மூடியிருக்கும் நேரம், பலகை சுடும் நேரம். மிச்சம் இருந்தது காபிக் கடைகள்தான். ஒரு கடையில் உட்காருவதற்குள் என்ன வேண்டும் என்றார்கள். இன்னொன்றில் நாற்காலி உயரமாக, கால் தரையில் படாமல் இருந்தது. புடவை கட்டிய இரண்டு பெரியவர்களை அதில் ஏற்றி உட்கார வைப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவது ஞாயிறு மாடியில் ஒரு கடை கிடைத்தது. கண்ணாடி வழியே கடல் தெரிந்தது. நாற்காலிகளுக்கு முதுகு இருந்தது. ஒரே காபியை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை. பரிமாறிய பெண் இரண்டு தடவை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். இதுதான் இடம் என்று தங்கைக்குப் போன் செய்தேன். வாழ்க்கையில் ஒரு காரியத்தை ஒழுங்காக முடித்தவன்போல அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டு வந்தேன்.

பேச வேண்டிய ஞாயிறும் வந்தது. பக்கத்து வீடுகளில் மாதா கோயிலுக்குப் போகிறோம் என்று அத்தை சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் எல்லோரும்தான் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போவார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். தங்கை பச்சை நிறத்தில் பழைய பட்டு கட்டியிருந்தாள். பூ வைக்கவா வேண்டாமா என்று ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அத்தை பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கித் தானே வைத்துவிட்டார்.

கடையில் நாங்கள் காத்திருக்க, ஒன்றே முக்காலுக்கு மாப்பிள்ளையும் அவர் அக்காவும் மாடிப்படி ஏறி வந்தார்கள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில், வியர்த்துப்போய் இருந்தார். இடது கையில் ஒரு விரலுக்கு நுனி இல்லை. எஸ்டேட்டில் வேலை செய்தவர்களிடம் அது சாதாரணம். அக்கா கையில் பெரிய பை. எல்லோரும் உட்கார்ந்தோம். பேச்சு தொடங்கத் திணறும் என்று எனக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேன். ஐந்து காபி, ஒரு தட்டில் வறுத்த உருளைக்கிழங்கு. பரிமாறும் பெண் கொண்டுவந்து ஒவ்வொருவர் முன்னாலும் வைத்தார். காபி நுரையில் இலைபோல ஒரு கோலம் இருந்தது.

அக்கா கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"தம்பி, இத யாரு சொன்னது?"

"நான்தான்க்கா. வெயில்ல வந்திருக்கீங்களேன்னு."

"நாங்க இன்னும் கை நனைக்கலியே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் சம்மதம் சொல்வதற்கு முன் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்கள். வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். ஆயிரம் பந்தி பரிமாறியவனுக்கு இது தெரியாதா? தெரியும். கடைதானே, வீடு இல்லையே என்று நினைத்துவிட்டேன். பெண்ணுக்கு அண்ணன் நான். நான் வரச் சொல்லி, நான் வாங்கி வைத்தால், அது எந்த இடமாக இருந்தாலும் பெண் வீடுதான். நாற்காலியின் உயரம்வரை பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

"காபி குடிச்சா தாலி ஏறிடுமாம்மா?" என்றார் அத்தை. "அப்டின்னா ஆவடி ஸ்டேஷன்ல டீ குடிக்கிறவன்லாம் எத்தினி பொண்டாட்டி வெச்சிருப்பான்?"

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. அவர்கள் தொடாததால் நாங்களும் தொடவில்லை. கோலம் மெல்லக் கலைந்தது. பரிமாறிய பெண் வந்து, "காபி பிடிக்கலையா சார்? மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். "நல்லாதாம்மா கீது" என்றேன், ஒரு வாய்கூடக் குடிக்காமல்.

அக்கா தங்கையிடம் வேலை, சம்பளம், உடம்பு என்று கேட்டார். எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் காஜா மெஷின் ஓட்டுவதைத் தங்கை சொன்னாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் அத்தையின் பக்கம் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. இவ வந்துட்டா நீங்க யார்கூட இருப்பீங்க?"

அத்தை இதற்குத் தயாராகவே வந்திருந்தார். "எனக்கு இன்னாம்மா, ஆவடில பொண்ணு கீறா. மாப்ள ஆட்டோ ஓட்றாரு. வா வான்னு கூப்ட்டுகினே கீறாங்க. இவ கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மூட்டைய கட்டிடுவேன்."

அத்தைக்கு ஒரே பிள்ளை. வேலப்பன்சாவடியில் இறந்துபோனவர்தான் அது. நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தங்கைக்கு ஒரு வாழ்க்கை கிடைக்கும் என்று நினைத்தேன். மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

தங்கை மூடிக்கொள்ளவில்லை.

"இவங்களுக்குப் பொண்ணு கெடையாது" என்றாள். "யாருமே கெடையாது. நான் எங்க போனாலும் அத்த என்கூடதான் வரும். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

"அடி பாவி" என்றார் அத்தை மெதுவாக.

"மொத பேச்சே பொய்யா?" அக்காவின் முகம் மாறிவிட்டது. தம்பியைப் பார்த்து, "கேட்டியாடா? ஒருத்திய பாக்க வந்தா ரெண்டு பேரு வராங்க" என்றார்.

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அக்கா கையை நீட்டித் தடுத்தார். "இரு. மூணாவ நாலு நிமிஷம் கீது. அவசரத்துல ஒண்ணும் சொல்லாத. மூணுக்கு மேல குளிகை, அப்பவும் சொல்லாத."

"நாலரைக்கு முடிஞ்சிடும்ல?"

"நாலரைக்கு ராகு காலம். ஆறு வரைக்கும் வாயத் தொறக்காத. ஊட்டுக்குப் போயி போன்ல சொல்லிக்கலாம்."

"ஆறு மணிக்கு இங்கயே சொல்றேன்க்கா" என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

ஐந்து கோப்பைகளும் நிறைந்தபடியே இருக்க, படியிறங்கினோம். ஒரு பதிலுக்காக மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் சாப்பிட முடியாது, அவர்களை வைத்துக்கொண்டு நாங்களும் சாப்பிட முடியாது. எங்கே போவது என்று நான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாதா கோயிலுக்குப் போலாம்" என்றார் அத்தை. "போறோம்னு சொல்லிட்டு வந்தேன். பொய்யாயிடக் கூடாது."

"இன்னிக்கி எத்தன பொய்யத்தான் சரிக்கட்டுவீங்க?" என்றார் அக்கா.

அத்தை கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, மின்விசிறிக்கு அடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நாலு மணிக்கு அவர்களைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். அதே காவலாளி அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்தே, உக்கார எடம் கெடச்சிடுச்சா? குடும்பத்தோட வந்துட்ட!"

குடும்பம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அக்கா பையை இடுக்கிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

அக்காவும் அத்தையும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். தங்கையும் மாப்பிள்ளையும் எட்டு வடிவப் பாதையில் நடந்தார்கள். குறுகலான பாதை. அவர் முன்னால், இவள் பின்னால். என் பக்கம் வரும்போது மட்டும் பேச்சு காதில் விழும். "உங்க பக்கம் தண்ணி எத்தன மணிக்கு வரும்?" என்று இவள் கேட்டாள். அடுத்த சுற்றில் அவர், "ஆஸ்பத்திரியில பதினொரு நாள் வெச்சிருந்தோம்" என்றார். அதற்கடுத்த சுற்றில் தங்கை அவருடைய நுனியில்லாத விரலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காற்று நன்றாகத்தான் அடித்தது. நான் கவனிக்கவில்லை. அக்காதான் கவனித்தார்.

"ஏம்மா, கை ஏன் இப்டி நடுங்குது?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சக்கர கீதா உங்களுக்கு? மாத்தர போட்டீங்களா?"

"காத்தால போட்டேன்."

"சாப்ட்டீங்களா?"

அத்தை காலையில் புறப்படும் அவசரத்தில் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருந்தார். நான் கடைக்கு ஓட எழுந்தேன்.

"நீ உக்காரு தம்பி. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் வரும்." அக்கா பெரிய பையைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக் கிழித்தார். அத்தையிடம் நீட்டினார். அத்தை கையை நீட்டவில்லை.

"நீங்க பட்டினியா உக்காந்துகினு கீறீங்க. நான் மட்டும் எப்டிம்மா?"

"நாங்கதான் உங்க கையால சாப்டக் கூடாது. நீங்க எங்க கையால சாப்டறதுக்கு இன்னா? அதுக்கு ஒரு சாஸ்திரமும் கெடையாது. வாயத் தொறங்க. பொய் சொல்லத் தொறந்தீங்கள்ல?"

அத்தை வாயைத் திறந்தார். நடுங்கும் கையில் கொடுத்தால் விழுந்துவிடும் என்று அக்காவே ஊட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டார். தங்கை ஓடிவந்து அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையும் வந்து கொஞ்சம் தள்ளி நின்றார். அத்தை மென்றுகொண்டே அழுதார். அக்கா, "அழாம முழுங்குங்க, பொற ஏறிடும்" என்றார்.

நடுக்கம் நிற்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை மாப்பிள்ளை அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முன்னால் வந்து, "எங்க ஊட்டுல ஒரு ரூம்தாம்மா. ஒரு சின்ன ஹாலு. நீங்க ஹால்லதான் படுக்கணும்" என்றார்.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "இப்பவும் நான் ஹால்லதான் படுக்கறேன் நைனா. எங்க ஊட்ல அதுதான் ரூமும்."

"டேய், ராகு காலம்டா. சொல்லாதன்னு சொன்னேன்ல?" என்று அக்கா அதட்டினார்.

"நான் ஒண்ணும் சொல்லலக்கா. ஊடு எப்டி இருக்கும்னு சொன்னேன்."

பூங்காவிலிருந்து எழுந்து காபிக் கடைப் பக்கம் வந்தோம். ஞாயிறு மாலை. மாடிப்படி முழுக்க ஆட்கள் நின்றார்கள். பாதி ஆள்கூட இல்லாத மதியத்தை மட்டும் பார்த்துவிட்டு நான் தேர்ந்தெடுத்த கடை அது. வேறு இடம் எதுவும் என்னிடம் இல்லை. மரப்பாதைக்குப் போனோம். பலகை ஆறிப்போயிருந்தது. அத்தைக்குக் கைப்பிடி உதவியாக இருந்தது. தங்கை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, மெதுவாக மேடைவரை நடந்தார். அத்தை கடலைப் பார்த்து நின்றார். தங்கை அத்தையைப் பார்த்து நின்றாள்.

ஆறு மணியானது. அக்கா போனை எடுத்துப் பார்த்தார். பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். ஆறைத் தாண்டி ஐந்து நிமிடம்.

"ம், சொல்லுடா. நேரம் ஆச்சு."

"நீதான்க்கா சொல்லணும்" என்றார் அவர்.

தங்கை கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கணவர் இறந்த அன்று நான் விசாகப்பட்டினத்தில் எங்கோ ஏணியின் மேல் நின்றிருந்தேன். இன்றைக்கு இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். ஆனாலும் அன்றைக்குப்போலவே என்னால் செய்ய ஒன்றும் இல்லை.

அக்கா கடலைப் பார்த்தார். அத்தையின் கையைப் பார்த்தார், நடுங்குகிறதா என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பாதை தொடங்குற எடத்துல ஒரு டீ வண்டி பாத்தேன். அஞ்சு டீ சொல்லு. இவங்களுக்கு மட்டும் சக்கர போடாம."

நான் பலகைமேல் நடந்து போனேன். ஓடினேன் என்றுதான் தங்கை இப்போதும் சொல்கிறாள். டீக்காரர் எத்தனை என்று கேட்டார். அஞ்சு, ஒன்றில் சர்க்கரை இல்லாமல் என்று சொல்லி, பெண்ணுக்கு அண்ணனாக நானே காசை நீட்டினேன்.